சுவான்சோவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: எதை முதலில் பார்ப்பது, எதை விடுவது

சீனச் சுற்றுலா என்றால் நம் ஊர் முகவர்கள் பெய்ஜிங், ஷாங்காய், சியான் என்று மூன்று பெயர்களைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். தென்கிழக்குக் கடற்கரையில், ஃபூஜியன் மாகாணத்தில் இருக்கும் சுவான்சோவை அவர்களில் பலர் விற்றதே இல்லை. சுற்றுவட்டார நகரங்களையும் சேர்த்தால் எண்பது லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் ஊர் அது. சோங், யுவான் வம்சங்களின் காலத்தில் உலகின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக இருந்தது. மார்க்கோ போலோவும் இபன் பதூதாவும் சைத்தூன் என்று குறிப்பிட்டது இந்த ஊரைத்தான். நம்மவர்கள் இங்கே சரக்கோடு வந்திருக்கிறார்கள், குடியிருந்திருக்கிறார்கள், சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் கோயில்களின் கற்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் போனால் அவற்றைத் தாண்டி நடந்துவிடுவீர்கள்.

2021இல் யுனெஸ்கோ இந்நகரின் 22 இடங்களைச் சேர்த்து உலக மரபுப் பட்டியலில் ஏற்றியது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகலாம் என்று நினைக்காதீர்கள். இரும்பு உருக்கிய இடம், சூளைகள் என்று பல இடங்கள் மலைப்பக்கம் வெகுதூரம் சிதறிக் கிடக்கின்றன. மூன்று நாள் வைத்திருப்பவருக்கு ஏழெட்டு இடங்கள் போதும். அவற்றைப் பார்க்கிற வரிசைதான் முக்கியம்: முதலில் அருங்காட்சியகம், பிறகு கோயில். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

புறப்படுவதற்கு முன்

டிக்கெட் எடுக்கும்போதே ஓர் எச்சரிக்கை. ஹாங்காங்குக்குப் பக்கத்தில் இருக்கும் குவாங்சோ வேறு, சுவான்சோ வேறு. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நடுவில் பல நூறு கிலோமீட்டர் தூரம் இருக்கிறது. ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஃபூஜியன் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சுற்றுலா விசா எடுத்தாக வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு இருந்தால் 30 நாள் வரை விசா இல்லாமலே தங்கலாம். சீனாவில் இறங்கி வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு 240 மணி நேரச் சலுகை என்று இணையத்தில் நிறையப் பேசுகிறார்கள். அந்தச் சலுகை பெறும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அதை நம்பி விமானம் ஏறிவிட வேண்டாம்.

எப்போது போவது? அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை நல்ல காலம். ஜூலை முதல் செப்டம்பர் வரை வெயிலும் புழுக்கமும் சென்னையை நினைவூட்டும். போதாக்குறைக்குப் புயலும் வரும். அக்டோபர் முதல் வாரம், மே மாதத் தொடக்கம், சீனப் புத்தாண்டு ஆகிய மூன்றையும் கண்டிப்பாகத் தவிருங்கள். உள்நாட்டுக் கூட்டமே தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். ரயிலில் இடம் கிடைக்காது.

அடுத்தது கைபேசி. சீனாவில் அது இல்லாமல் ஒரு தேநீர்கூட வாங்குவது கடினம். வீட்டில் இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, பணம் செலுத்தும் அலிபே செயலியை இறக்கி, கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்து, உங்கள் விசா அல்லது மாஸ்டர் கார்டை இணையுங்கள். ஒரு தடவைக்கு 200 யுவானுக்குள் செலவழித்தால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள். வங்கியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைக்கச் சொல்லவும் மறக்க வேண்டாம். வீசாட் செயலியிலும் இதேபோல் ஒரு கார்டை இணைத்துவைத்தால் ஒன்று மக்கர் செய்யும்போது மற்றொன்று உதவும். கொஞ்சம் யுவான் நோட்டும் பையில் இருக்கட்டும்.

இரண்டாவது, இணையம். சீன சிம் போட்டால் கூகுள், வாட்ஸ்ஆப் எதுவும் திறக்காது. உங்கள் ஊர் எண்ணின் ரோமிங்கிலோ, வெளிநாட்டு இ-சிம்மிலோ போனால் பெரும்பாலும் வழக்கம்போல வேலை செய்யும். ஏனென்றால் அந்த இணைப்பு வெளிநாட்டு வழியாகச் சுற்றிவருகிறது. ஓட்டல் வைஃபைக்கு மாறிய கணமே எல்லாம் நின்றுபோகும், பதற வேண்டாம்.

மூன்றாவது, வரைபடம். கூகுள் வரைபடம் அங்கே நம்பத் தகுந்ததல்ல. ஏமேப் என்ற சீனச் செயலியில் ஆங்கிலம் இருக்கிறது. கடைசியாக, மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை இணையம் இல்லாமலும் பயன்படுத்தும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போகப்போகும் இடங்களின் சீன எழுத்துப் பெயர்களைப் படமாகவும் சேமித்துவையுங்கள். டாக்சிக்காரரிடம் நீங்கள் எவ்வளவு அழகாக உச்சரித்தாலும் பயனில்லை. படத்தைக் காட்டினால் உடனே புறப்படுவார்.

போய்ச் சேருவது, தங்குவது

பெரும்பாலோருக்கு வசதி சியாமென் வழிதான். சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் ஆகிய நகரங்களிலிருந்து அங்கே நேரடி விமானங்கள் உண்டு. சியாமென் வடக்கு நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் அரை மணிக்கு முன்பின்னாகச் சுவான்சோ வந்துவிடும். ரயில் டிக்கெட்டைக் கடவுச்சீட்டு எண்ணோடு இணையத்தில் வாங்க வேண்டும். காகித டிக்கெட் கிடையாது, கடவுச்சீட்டுதான் டிக்கெட். தானியங்கி வாயில் அதைப் படிக்க மறுத்தால் ஓரத்தில் ஊழியர் நிற்கும் வாயிலுக்குப் போங்கள். ரயில் நிலையத்திலும் பைகளைச் சோதிப்பார்கள் என்பதால் முக்கால் மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது.

இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. 2023இல் கடலோரப் புதிய பாதை திறந்த பிறகு சுவான்சோ கிழக்கு, சுவான்சோ தெற்கு என்று மேலும் இரண்டு நிலையங்கள் வந்துவிட்டன. இரண்டும் பழைய நகரிலிருந்து தள்ளி இருக்கின்றன. திசைப் பெயர் எதுவும் ஒட்டாத, வெறும் சுவான்சோ என்ற நிலையத்துக்கு டிக்கெட் எடுங்கள்.

பழைய நகருக்குள்ளேயே தங்குங்கள். மேற்குத் தெருவை ஒட்டிய சந்துகளில் செங்கல் வீடுகளைச் சிறு விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். புறநகர் ஓட்டல் மலிவு என்று போனால் மிச்சம் பிடித்த பணம் டாக்சிக்குப் போகும். முன்பதிவு செய்யும்போது வெளிநாட்டவரைப் பதிவு செய்யத் தெரியுமா என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். விதி இடம் தந்தாலும் சிறிய விடுதிகளில் கணினியில் கடவுச்சீட்டைப் பதியத் தெரியாமல் விழிப்பார்கள். இந்த ஊரில் மெட்ரோ ரயில் கிடையாது. பழைய நகருக்குள் நடந்து போவதுதான் சிறந்தது. கால் ஓய்ந்தால் சந்துகளில் ஊர்ந்துபோகும் சின்ன வெள்ளை மின்சார வண்டிகள் இருக்கின்றன. சில்லறைக் காசுதான் கட்டணம்.

முதல் நாள் காலை: கடல்சார் அருங்காட்சியகம்

கிழக்கு ஏரிப் பக்கம் இருக்கிறது. அனுமதி இலவசம், கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை, எனவே பயணத் திட்டத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் மாதிரிகள் நிறைந்த கூடம் நன்றாகவே இருக்கும், ஆனால் நேரத்தை அங்கே செலவழித்துவிடாதீர்கள். சமயக் கற்சிற்பங்கள் வைத்திருக்கும் பகுதிக்கு நேரே போங்கள். அரபு எழுத்து பொறித்த இஸ்லாமியக் கல்லறைக் கற்கள் வரிசையாக நிற்கும். தாமரை மேல் சிலுவை நிற்க, இரு பக்கமும் தேவதைகள் பறக்கும் கிறிஸ்தவக் கற்கள் இருக்கும். அவற்றுக்கு அடுத்து நம் கற்கள். நின்ற கோலத்தில் நான்கு கைகளோடு திருமால் ஒருவர் இருக்கிறார். லிங்கத்தின் முன் யானை துதிக்கையில் பூவை ஏந்தி நிற்கும் பலகை ஒன்று இருக்கிறது. திருவானைக்காவல் கதை தெரிந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. பக்கத்தில் நிற்கும் சீனப் பயணிகள் விளக்கப் பலகையைப் படித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவீர்கள். கல் மட்டும் இந்த ஊர்க் கருங்கல், பச்சை கலந்த சாம்பல் நிறம். யானைக்கு மேலே ஓடும் மேகத்தைக் கவனித்தால் சீன உளி வேலை செய்திருப்பது தெரியும்.

யுவான் ஆட்சி 14ஆம் நூற்றாண்டில் கவிழ்ந்த பிறகு இந்தக் கோயில்கள் இடிந்துபோயின. கற்களை எடுத்து மதில் சுவருக்கும் வேறு கட்டடங்களுக்கும் போட்டுவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அவை மீண்டும் வெளியே வந்தன. வூ வென்லியாங் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் அவற்றைத் தேடித்தேடிச் சேகரித்து, பிறகு அரசுக்குக் கொடுத்தார். அவர் இல்லையென்றால் இவற்றில் பல சாலைக்குச் சல்லியாகப் போயிருக்கும்.

சுவான்சோவில் 1956இல் கிடைத்த ஒரு தமிழ்க் கல்வெட்டைப் பற்றியும் தெரிந்துகொண்டு போங்கள். சக ஆண்டு 1203, சித்திரை மாதம்; அதாவது கி.பி. 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர், செகச்சை கானின் உடல்நலத்துக்காகச் சிவனை எழுந்தருளச் செய்ததாக அது சொல்கிறது. செகச்சை கான் என்பது குப்லாய் கானைத்தான் குறிக்கிறது என்பது ஆய்வாளர்கள் கருத்து. கீழே ஒரு வரி சீன எழுத்தும் இருக்கிறது. மங்கோலியப் பேரரசன் நலமாக இருக்கச் சீனக் கடற்கரையில் தமிழில் வேண்டுதல் எழுதியிருக்கிறார் ஒருவர்! ஆட்சியாளர் மனம் குளிர வேண்டும் என்ற வணிகக் கணக்கும் அதில் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அதே நாள் மாலை அல்லது மறுநாள் காலை: கையுவான் கோயில்

மறுநாள் காலையையே நான் சொல்வேன், திறந்தவுடன். மேற்குத் தெருவில் இருக்கும் இந்தப் பௌத்தக் கோயில் 686இல் தொடங்கியது. முசுக்கட்டைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஒருவரிடம் துறவி ஒருவர் நிலம் கேட்டாராம். மரத்தில் தாமரை பூத்தால் தருகிறேன் என்று அவர் தட்டிக்கழிக்க, சில நாளில் தாமரை பூத்துவிட்டதாம். அந்த முதிய முசுக்கட்டை மரத்தை இன்றும் முட்டுக் கொடுத்துக் காப்பாற்றி வருகிறார்கள்.

உள்ளே இப்படி நகருங்கள். பிரதான மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் மேடையில் எல்லோரும் ஏறி ஊதுவத்தி கொளுத்துவார்கள். நீங்கள் ஏறுவதற்கு முன் குனிந்து மேடையின் அடித்தளத்தைப் பாருங்கள். மனித முகமும் சிங்க உடலுமாக எழுபதுக்கும் மேற்பட்ட சிறு சிற்பங்கள் வரிசையாக ஓடுகின்றன. இவையும் இடிந்த இந்துக் கோயிலிலிருந்து வந்தவைதான். கூட்டம் சேர்ந்துவிட்டால் கால்களுக்கு நடுவே எட்டிப்பார்க்க வேண்டியிருக்கும். காலையில் போகச் சொன்னதற்கு முதல் காரணம் இது.

மண்டபத்துக்குள் தலையை உயர்த்தினால் தூண்களின் மேல் சிறகு விரித்த பெண் உருவங்கள் 24 பேர் தெரிவார்கள்; இசைக்கருவிகளும் காணிக்கைகளும் ஏந்தி, முதுகில் உத்தரத்தைத் தாங்கி நிற்கிறார்கள். பார்த்துவிட்டு மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள். பெரும்பாலான பயணிகள் இங்கே வருவதில்லை. பின்தாழ்வாரத்தின் நடுவில் இரண்டு தூண்கள் மற்றவற்றிலிருந்து மாறுபட்டு நிற்கும்: பதினாறு பட்டை, இடையிடையே சதுரம், சதுரத்தில் வட்டம், வட்டத்துக்குள் சிற்பம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கோயில் மண்டபங்களில் வளர்ந்த கண்ணுக்கு இந்தத் தூணின் அமைப்பு தூரத்திலிருந்தே பிடிபடும்.

ஒவ்வொரு வட்டத்தின் முன்னும் நின்று பாருங்கள். இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மர் இருக்கிறார். உரலை இழுத்துக்கொண்டு இரட்டை மருத மரங்களுக்கு நடுவே போகும் கண்ணன் இருக்கிறான். ஆய்ச்சியர் ஆடையை எடுத்துக்கொண்டு மரமேறியவனும் அவனே. யானையைக் காக்க வந்த திருமாலும் உண்டு. வட்டத்தின் அகலம் சாப்பாட்டுத் தட்டு அளவுதான், அதற்குள் மொத்தக் கதையையும் அடக்கியிருக்கிறார்கள். வடக்குப் பார்த்த பகுதி என்பதால் வெயில் நேராக விழாது. மேகமூட்டமான நாளில் முகங்கள் தெளியக் கொஞ்ச நேரம் கண் பழக வேண்டும். அருங்காட்சியகத்தில் பெரிய கற்களை நல்ல வெளிச்சத்தில் பார்த்துப் பழகிய கண் இங்கே உதவும். வரிசையை மாற்றினால் இந்தத் தூண்கள் வெறும் பழைய தூண்களாகத் தோன்றும்.

தூணைத் தொட வேண்டாம். இது இன்றும் வழிபாடு நடக்கும் பௌத்தக் கோயில். தூணுக்குப் பூ வைப்பதும் சுலோகம் சொல்லிக் காணொளி எடுப்பதும் அங்கே பொருந்தாது.

மேற்கிலும் கிழக்கிலும் இரண்டு கல் கோபுரங்கள் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் மரக் கட்டடத்தைப் போலவே கல்லில் கட்டியவை, எண்கோணம், ஐந்து நிலை. கிழக்குக் கோபுரம் 48 மீட்டர் உயரம். 1604இல் வந்த கடுமையான நிலநடுக்கத்தைத் தாங்கி நின்றவை. மேற்குக் கோபுரத்தின் நான்காம் நிலையில் வாளேந்திய குரங்கு வீரர் ஒருவர் இருக்கிறார். சீனர்களின் புகழ்பெற்ற குரங்கு நாயகனின் முன்னோடி அவர் என்கிறார்கள். அனுமனோடு உறவு காட்டும் ஆய்வாளர்களும் உண்டு. கீழிருந்து தேட, கைபேசிக் கேமராவை நன்றாக நெருக்கிப் பாருங்கள்.

கோயில் வளாகத்தின் கிழக்குப் பக்கத்தில் 1974இல் கடற்சேற்றிலிருந்து தோண்டியெடுத்த சோங் காலக் கப்பலைத் தனிக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள். எஞ்சிய பகுதி மட்டும் 24 மீட்டர் நீளம், 13 அறைகள். ஓர் அறையில் ஓட்டை விழுந்தால் மற்ற அறைகளுக்குத் தண்ணீர் போகாது. நறுமண மரங்களும் மிளகும் அதில் கிடைத்தன. வணிகர்கள் எதற்காக இவ்வளவு தூரம் கடல் தாண்டினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கூடம் போதும்.

இரண்டாம் நாள் மீதி: துமென் தெருவும் தெற்கு வாசலும்

துமென் தெருவில் சிங்ஜிங் மசூதி இருக்கிறது. 1009இல் கட்டத் தொடங்கியது, 1310இல் புதுப்பித்திருக்கிறார்கள். நுழைவாயிலின் கூர்வளைவைப் பார்த்தாலே மேற்காசியக் கை தெரிந்துவிடும். தொழுகைக்கூடத்துக்கு இப்போது கூரை இல்லை. சுவர்களில் அரபு வாசகங்கள் நிற்க, மேலே திறந்த வானம். சிறிய கட்டணம் வாங்குகிறார்கள்.

மசூதியிலிருந்து சில நிமிட நடையில் குவான் யு என்ற போர்வீரத் தெய்வத்தின் கோயில் வருகிறது. கண்ணெரியும் அளவுக்கு ஊதுவத்திப் புகை. வேண்டுதலோடு வருபவர்கள் பிறை வடிவ இரண்டு மரத்துண்டுகளைத் தரையில் போட்டுப் பார்ப்பார்கள். ஒன்று கவிழ்ந்தும் ஒன்று நிமிர்ந்தும் விழுந்தால் தெய்வம் சம்மதித்துவிட்டது என்று பொருள். பூக்கட்டிப் பார்க்கும் ஊரிலிருந்து போகிற நமக்கு இது அந்நியமாகவே இருக்காது. படம் எடுப்பதானால் சற்று விலகி நின்று எடுங்கள்.

அங்கிருந்து தெற்கே, மாலுமிகளைக் காக்கும் மாட்சு தேவியின் தியான்ஹோ கோயில். 1196இல் நிறுவியது. எதிரே பழைய நகர வாசலின் அடித்தளம் தோண்டி வைத்தபடி கிடக்கிறது. வெளிநாட்டு வணிகர்கள் புழங்கிய பகுதி இது. நேரம் குறைந்தால் இவ்விடத்தை அரை மணியில் முடித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள்: நகருக்கு வெளியே

லோயாங் பாலத்துக்குக் கடல்நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். அலையேற்ற நேரத்தில் போனால் சாதாரணக் கல்பாலம் மட்டுமே தெரியும். 1053 முதல் 1059 வரை, சாய் சியாங் என்ற ஆட்சியர் கட்டி முடித்தது. ஆறு கடலோடு சேரும் இடம், வேகமான நீர். ஆற்றுப் படுகையில் கற்களைக் கொட்டி அடித்தளம் போட்டு, அதன் மேல் சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பி பெருகப் பெருகக் கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நீர் வற்றும்போது படகு மூக்கைப்போல் கூரான தூண்களும், அடியில் படிந்த சிப்பியும் கண்ணில் படும். அதைப் பார்க்கத்தான் அங்கே போவது.

ஷுன்பு கடலோரக் கிராமத்தைப் பற்றிக் கலவையான கருத்துதான் எனக்கு. சிப்பி ஓடுகளைச் சுவராக அடுக்கிய வீடுகள் உண்மையிலேயே பார்க்கத் தக்கவை. அவ்வூர்ப் பெண்கள் கொண்டையைச் சுற்றிப் பூச்சரங்களை வளையமாக அணிவார்கள். அண்மைக் காலத்தில் அது நாடு முழுவதும் மோகமாகிவிட்டது. தெருவெங்கும் பூ அலங்காரக் கடைகள், வாடகை உடை, புகைப்படக்காரர்கள். அலங்கரித்துக்கொள்ள ஆசை இருந்தால் பழைய நகரிலும் அதே கடைகள் இருக்கின்றன. கிராமத்துக்குப் போனால் காலையில் போய், வயதான மீன்காரப் பெண்கள் தலையில் இயல்பாக வைத்திருக்கும் பூவைப் பாருங்கள். விளம்பரப் படங்களைவிட அது அழகு.

வரலாற்றில் ஆர்வம் மிகுந்தவர்கள் தெற்கே ஜின்ஜியாங் பக்கம் ஒரு டாக்சி அமர்த்திக்கொள்ளலாம். சாவ்ஆன் என்ற சிறிய கோயிலில் 1339இல் பாறையில் செதுக்கிய, மானி என்ற பாரசீக ஞானியின் உருவம் இருக்கிறது. உலகில் மற்ற இடங்களிலெல்லாம் மறைந்துபோன ஒரு சமயத்தின் நிறுவனர் அவர்; இங்கே ஒளிப் புத்தராக வழிபாடு பெறுகிறார். அன்பிங் பாலமும் அந்தப் பக்கம்தான்: 12ஆம் நூற்றாண்டு, இரண்டு கிலோமீட்டர் நீளம், நிழல் கிடையாது, தொப்பி கட்டாயம். சித்தியன் கிராமத்தில் ஒரு சிறு மண்டபத்தில் நான்கு கைகளோடு அமர்ந்திருக்கும் பெண் தெய்வத்தைக் கிராமத்தார் பௌத்தக் கருணைத் தெய்வமான குவான்யின் என்று கும்பிடுகிறார்கள். அது இந்துத் தேவி என்பது ஆய்வாளர்கள் கருத்து. மலையே வேண்டும் என்பவர்கள் வடக்கே சிங்யுவான் மலைக்குப் போய், ஒரே பாறையில் செதுக்கிய ஐந்தரை மீட்டர் உயர, தாவோ சமய ஞானி லாவோட்சுவின் சிலையைப் பார்க்கலாம். இரண்டு திசையையும் ஒரே நாளில் அடக்க முயல வேண்டாம்.

சாப்பாடு

அசைவம் உண்பவர்களுக்கு இது கடலுணவு ஊர்: சிப்பி ஆம்லெட், இஞ்சி வாத்து, மெல்லிய சேமியாவைக் கூழாகக் காய்ச்சிய மியென்ஷியென் ஹு. கண்ணாடிபோல் தெரியும் கடற்புழு ஜெல்லியை முயல்வது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது.

சைவர்கள் முன்னேற்பாட்டோடு போக வேண்டும். காய்கறி என்று கேட்டால் பன்றிக் கொழுப்பில் வதக்கியோ, உலர்ந்த இறால் தூவியோ வரும். அவர்கள் கணக்கில் அது காய்கறிதான். ‘பௌத்தத் துறவிகளைப்போல் சைவம் உண்பவன், இறைச்சி, மீன், முட்டை, இவற்றின் சாறு எதுவும் வேண்டாம்’ என்று சீன எழுத்தில் மொழிபெயர்த்துக் கைபேசியில் வைத்துக்காட்டுங்கள். துறவி என்ற சொல்லைச் சேர்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள். கோயில்களை ஒட்டிச் சைவ உணவகங்கள் உண்டு, ஆனால் பலவற்றில் மாலை சீக்கிரமே அடுப்பை அணைத்துவிடுவார்கள். கடற்பாசியில் செய்த குளிர்ந்த ஷிஹுவா காவ் எல்லோரும் சாப்பிடலாம். ஊறுகாய், பொடி, அவல் என்று ஒரு சிறு மூட்டை கொண்டுபோனால் கௌரவம் ஒன்றும் குறையாது.

தேநீர் வாங்குவதானால் தியெகுவான்யின். அது விளையும் அன்ஷி இந்த நகராட்சிக்குள்தான் இருக்கிறது. கோயில் வாசல் கடையில் வாங்காமல், சந்துக்குள் உட்கார வைத்து ஊற்றிக்கொடுக்கும் கடையில் குடித்துப் பார்த்து வாங்குங்கள். மூன்று குவளை குடித்துவிட்டு வாங்காமல் எழுந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். விலையை மட்டும் எடையோடு சேர்த்துக் கேளுங்கள்: அங்கே அவர்கள் சொல்லும் ஜின் என்பது அரைக் கிலோ.